தலைமன்னார் முதல் மாத்தளை வரை 18 சுமைதாங்கிகள் கேட்டு ஒரு திறந்த மடல்

வீதிகளுக்கும் மரபுரிமைக்கும் பெருந்தோட்டங்களுக்கும் பொறுப்பான அமைச்சுகளுக்கும், மன்னார், வவுனியா, அநுராதபுரம், மாத்தளை மாவட்டங்களின் பிரதேச சபைகளுக்கும்,

வணக்கம்.

இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மடலா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை குடும்பமாக நடந்துவிட்டு, அந்த வழியில் பொதி இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கற்கள் கேட்டுத் தனித்தனியாகத்தான் தொடங்கினோம். ஓர் அலுவலகத்தில் இது வீதி தொடர்பானது, எங்களிடம் வராது என்றார்கள். இன்னோர் இடத்தில் இது வரலாறு தொடர்பானது என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உண்மையான கவலையோடு, "ஏன் நடந்தீர்கள், பஸ் இல்லையா?" என்று கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமே இல்லை. எங்களிடம் கேட்கப்பட்டவற்றில் நேர்மையான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன்.

நாங்கள் மாத்தளையில் வசிப்பவர்கள். நான், என் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், 71 வயதான மாமியார். 2023 ஆகஸ்ட் 12 அன்று, தலைமன்னாரில் ஜூலை 28 தொடங்கிய நடைபவனி எங்கள் ஊருக்கு வந்து நிறைவடைந்தது. மலையகத் தமிழரின் முன்னோர் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்த நடை அது. வீதியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மகன், "நம் வீட்டு ஆட்களும் இந்த வழியாகத்தான் வந்தார்களா?" என்று கேட்டான். "ஆம்" என்று சொல்லிவிட்டேன். எந்த வழி, எத்தனை நாள், எங்கே தூங்கினார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வழியின் முடிவிலேயே குடியிருந்துகொண்டு அதில் ஒரு கட்டம்கூட நடந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு தொடங்கினோம். பௌர்ணமி நாளான போயா விடுமுறையோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் இரண்டு நாள், பாடசாலை விடுமுறையில் மூன்று நாள். விட்ட இடம்வரை பஸ்ஸிலோ, கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலிலோ போவோம், அங்கிருந்து நடப்போம், களைத்ததும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வீடு திரும்புவோம். 14 மாதங்களில் 18 நாள் நடை. மொத்தம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இடையில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குடும்பச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசலிலிருந்தே தொடங்கி வடக்கே கடலை நோக்கி நடக்கலாம் என்பது கணவரின் யோசனை. முதல் சில கட்டங்களுக்காவது பஸ் செலவு மிச்சம். மாமியார் ஒரே சொல்லில் மறுத்தார். அவருடைய அக்கா 1970களில் புருஷனோடும் பிள்ளைகளோடும் அந்தத் திசையில் போனவர். 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்கு முடித்தார்களே, அந்தக் கணக்கில் இந்தியப் பக்கம் விழுந்த குடும்பம் அது. மலைநாட்டு நிலையங்களில் ஏற்றி அனுப்பிய கோச்சிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னார் துறைக்குப் போய் அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். "அந்தப் பக்கமாக முகத்தை வைத்து ஓர் அடிகூட எடுத்துவைக்க மாட்டேன். வந்த மாதிரியே வருவோம்" என்றார். அதனால் கடலிலிருந்து மலைக்கு நடந்தோம்.

தலைமன்னார் துறையில் முதல் நாள் காலை ஆறு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பேசாலை வரை பனையும் மணலும்தான். மன்னார்க் கழுதைகள் எங்களைப் பார்த்து ஒதுங்கவில்லை, நாங்கள்தான் ஒதுங்கினோம். மகனின் செருப்புக்குள் மணல் புகுந்து குதிகாலில் கொப்புளம் போட்டது. அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு கணவர், "அந்தக் காலத்தில் வந்தவர்கள் செருப்பே போடவில்லை" என்றார். அழுகை இன்னும் கூடியது. அன்றைக்குப் பேசாலையோடு நிறுத்திக்கொண்டோம். வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லக்கூடாது என்பதை முதல் கட்டத்திலேயே கற்றுக்கொண்டோம்.

ஆனால் நடக்க நடக்க அவர்களே கேட்டார்கள். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில், இரண்டு பக்கமும் கடல் ஒதுங்கிக் கிடக்க, மகன் கேட்டான்: "தேயிலை பறிக்கத்தானே வந்தார்கள்?" இல்லை என்றேன். இந்தப் பாதையில் முதலில் வந்த தலைமுறைகள் தேயிலைச் செடியைக் கண்டதே இல்லை. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் 1823இல் தொடங்கியது கோப்பித் தோட்டம். கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக வைத்தது 1867இல். இரண்டுக்கும் நடுவே 44 ஆண்டுகள். அந்த 44 ஆண்டுகளும் ஆட்கள் வந்தது கோப்பிக்காகத்தான். பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் இதே வழியில் திரும்பி ஊருக்கு நடந்தார்கள். பிறகு 1869இல் இலையில் நோய் கண்டு கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கொழுந்து. திரும்பிப் போகும் வழக்கம் அற்றுப்போனது.

"அப்படியானால் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் இருக்கிறது என்று ஏமாற்றிக் கூட்டிவந்த கதை?" என்று மகள் மடக்கினாள். அந்தக் கதையை நானும் என் ஆத்தாவின் மடியில் கேட்டிருக்கிறேன். கோப்பித் தூரோ தேயிலைத் தூரோ, ஏமாற்று ஒன்றுதான் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு அதைவிட எரிச்சலூட்டியது வேறொன்று. ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறின என்று சொன்னேன். தோட்டத்தில் பேர் பதியும்போதே கடன்காரன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்தக் கடன் எழுதிய துண்டு வேண்டும். "நடந்து வந்ததற்கும் அவர்களிடமே காசு வாங்கினார்களா?" என்று கேட்டாள். முருங்கன் வரும்வரை பேசவில்லை.

முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தின் வாய்க்கால் ஓரமாக நடந்தது இந்த 18 நாட்களில் மிக நல்ல நாள். கட்டின் மேலே நிழல், கீழே வயல், நீர்க்காகங்கள். தார் வீதியில் நடந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது அங்கேதான் புரிந்தது. இதை வீதிக்குப் பொறுப்பானவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒற்றையடித் தடம் இன்றைய ஏ-14, ஏ-9 நெடுஞ்சாலைகளுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது என்று நான் நம்பவில்லை. காட்டு வழி தண்ணீர் இருக்கும் பக்கமெல்லாம் வளைந்து வளைந்துதான் போயிருக்கும். ஆகவே இந்த அடியிலிருந்து அந்த அடிவரை என்று தொல்லியல் சான்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குளக்கட்டு இருக்கும் இடத்தில் குளக்கட்டால் போகட்டும். வாய்க்கால் இருந்தால் வாய்க்கால் ஓரம்.

ஏனென்றால் ஏ-9இல் நடப்பது நடையே அல்ல. மிகிந்தலை தாண்டி, கல்குளம், திறப்பனை, மரதன்கடவளை, கெக்கிராவை என்று தெற்கே வரவர, தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிகள் தோளை உரசுகின்றன. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் இடம், அப்புறம் பள்ளம். கணவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், நான் பின்னால். மூன்று நாட்கள் நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்ததைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

திறப்பனையில் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டோம். அந்த அம்மையார் செவ்விளநீரே வெட்டிக் கொடுத்தார். பாத யாத்திரையா என்று விசாரித்தார். வழி நெடுக எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள்: வடக்கே மடுவுக்கா என்று, தெற்கே வரவரக் கதிர்காமத்துக்கா என்று. கும்பிடப் போகிறவர்கள் நடப்பது எல்லோருக்கும் புரிகிறது. கணவர் சிங்களத்தில் விளக்கினார்: தோட்டங்களுக்கு எங்கள் ஆட்கள் இந்த வழியாகத்தான் நடந்து வந்தார்கள் என்று. "இந்த வழியாகவா?" என்று கேட்டுவிட்டு, நாற்பது ஆண்டுகளாகத் தன் வாசலில் கிடக்கும் வீதியை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள், தெரிவதற்கு?

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதவாச்சிப் பக்கத்தில் கிணற்று நீரைக் குடிக்க அந்த ஊர்க்காரர்களே விடவில்லை. வட மத்திய மாகாணத்தில் காரணம் இன்னதென்று உறுதியாகாத சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக மக்களை அரித்துவருகிறது. வீதியோரத்தில் நாணயம் போட்டால் சுத்திகரித்த நீர் வரும் நிலையங்கள் இருக்கின்றன. போத்தல்களை நிரப்பிக்கொண்டோம். அன்று வந்தவர்களுக்குக் கிணறே பெரிய வரம். பின்னாளில்தான் வழியில் கிணறுகளும் தங்குகொட்டகைகளும் அமைத்தார்கள். அதற்கு முன் வந்தவர்கள் குளத்திலும் குட்டையிலும் கண்டதைக் குடித்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் பிணக்கில்லை. பெயர்கள் இல்லை. புதைத்த இடங்களுக்கு அடையாளம் இல்லை.

இனி என் கோரிக்கை. அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மாமியாரால் எல்லாக் கட்டமும் நடக்க முடியவில்லை, முழங்கால் வலி. ஆனால் வீட்டிலும் இருக்க மாட்டார். பொதிகளோடு பஸ்ஸில் முன்னால் போய், அன்றைய நடை முடியும் இடத்தில் இறங்கிக் காத்திருப்பார். செட்டிகுளத்துக்கு அப்பால் ஒரு மாலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மூன்று பொதிகளையும் இரண்டு கைகளிலும் தொங்கவிட்டபடி நின்றுகொண்டே இருந்தார். முந்திய இரவு மழை. கீழே சேறு. உட்கார ஒரு திண்டு இல்லை, பொதியை வைக்க ஒரு கல் இல்லை. "இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா?" என்றார். யாரையும் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. கை வலித்தது, சொன்னார், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் உண்டு. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, நெஞ்சளவு உயரத்தில் வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியில்லாமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம். மறுபடி குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அதை நட்டவர்கள் பெரும்பாலும் ஒரு துயரத்தால் நட்டார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கரின் சுமையை ஒரு கல் தாங்கட்டும் என்று.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். தலையில் சட்டி பானை, இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அவர்களில் ஊர் போய்ச் சேராதவர்களுக்குக் கல் நடத் தாய்வீடு அருகில் இல்லை. கடலுக்கு அப்பால் இருந்தது.

நான் கேட்பது 18 சுமைதாங்கிகள். எங்கள் குடும்பம் ஒரு நாளைக்கு நடந்தது சராசரியாக 14 கிலோமீட்டர். ஒன்பது வயதுப் பையனின் காலுக்கு அதுதான் அளவு. ஒவ்வொரு நாள் நடை முடியும் இடத்திலும் ஒன்று. மூன்று கருங்கல் போதும். மேற்கல்லில் மூன்று மொழிகளிலும் ஊரின் பெயர், கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், மாத்தளைக்கு எத்தனை கிலோமீட்டர். அருகே நிழலுக்கு ஒரு மருதோ பாலையோ, குடிக்கக்கூடிய தண்ணீர். மாமியார் சொன்னதையும் சேர்க்கிறேன்: உட்காரத் தாழ்வாக இன்னொரு கல். திறந்துவைத்தவர் பெயர் பொறிக்க வேண்டாம். அந்தக் கல் தாங்கவேண்டிய சுமை அதுவல்ல.

பெரிய நினைவுத்தூபி கட்டலாமே என்று சிலர் அன்போடு சொன்னார்கள். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று வைப்பது எல்லோருக்கும் எளிது. வாகனத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இடையில் இருக்கும் 250 கிலோமீட்டரில்தான் ஆட்கள் இறந்தார்கள்.

இது முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதை இதே நாட்டில் இருக்கிறது. பூண்டுலோயா, கொட்டகலை, பொகவந்தலாவை, அப்புத்தளை என்று தேயிலை மலைகளைச் சுற்றிப் போகிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்து நடக்கிறார்கள். நல்லது, வரட்டும். கட்டங்களாகப் பிரித்த நடைபாதை ஒன்றை உருவாக்கவும் பேணவும் இங்கே ஆட்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த மலைகளில் பாதை வெட்டியவர்கள் முதலில் நடந்த பாதை இது. மலைக்குள் சுற்றுவதற்கு வழி இருக்கிறது. மலைக்கு வந்த வழிக்கும் ஒன்று கேட்கிறேன்.

யார் நடப்பார்கள் என்று கேட்பீர்கள். வெயில், யானை, லொறி, காட்சி என்று சொல்ல ஒன்றும் இல்லாத நீண்ட சமவெளி. உண்மைதான், இது அழகுக்காக நடக்கிற பாதை அல்ல. ஆனால் நாவுலையைக் கடந்து நாலந்தைக்கு ஏறும்போது, 15 நாள் வறண்ட காட்டுக்குப் பிறகு, முதல் குளிர்காற்று முகத்தில் படுமே, அதை வாகனத்தில் வருகிறவர் அறிய முடியாது. மிளகுக் கொடியும் கொக்கோவும் தெரியத் தொடங்கும். மகள் சட்டென்று நின்று, "இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பார்கள், இல்லையா?" என்றாள். இருக்கலாம். மேலே என்ன காத்திருக்கிறது என்று அவர்களுக்கு அப்போது தெரியாதே.

கடைசி நாள் மாமியாரும் நடந்தார். அலுவிகாரையிலிருந்து மூன்று கிலோமீட்டர், இரண்டு இடத்தில் நின்று நின்று. முத்துமாரியம்மன் கோயிலில் போய் முடித்தோம். 1874இல் எழுப்பிய கோயில். அதற்கு முன்பே வில்வ மரத்தடியில் சிறு உருவாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நடந்து களைத்தவர்கள் முதலில் ஒரு மரத்தடியைத்தானே தேடியிருப்பார்கள். 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரித்தார்கள், மறுபடி கட்டினோம். 108 அடிக் கோபுரத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர்கள். அன்றைக்கு மாமியார் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அக்காவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும்" என்றார்.

இந்த மடலுடன் மகள் வரைந்த வரைபடத்தை இணைத்திருக்கிறேன். 18 இடங்களும் வட்டமிட்டுக் காட்டப்பட்டுள்ளன. எங்கே நிழல் இருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கிறது, எந்தக் குளக்கட்டால் போனால் வீதியைத் தவிர்க்கலாம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். அளவு துல்லியமாக இராது. உங்கள் நில அளவையாளர்கள் திருத்திக்கொள்ளட்டும். மடு வீதிச் சந்திக்கும் செட்டிகுளத்துக்கும் இடையில் ஒரு துண்டைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறாள். அன்று மாலை யானை இறங்கியிருக்கிறது என்று சொல்லி ஊர்க்காரர்கள் எங்களை மறித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதை நாங்கள் இன்னும் நடக்கவில்லை. வருகிற சித்திரை விடுமுறையில் ஒரு நாள் காலையில் நடக்கப்போகிறோம். உங்களில் யாராவது அந்த இடத்தை நேரில் பார்க்க விரும்பினால் அன்று எங்களோடு வரலாம். காலை ஆறு மணிக்குச் சந்தியில் இருப்போம்.

இப்படிக்கு,
மாத்தளையிலிருந்து ஐந்து பேர்